காற்றுக்குக் கட்டிய வீடும் மழைக்குத் திணறும் ஊரும்: மொரீஷியஸ் நகர வளர்ச்சியின் கணக்கு

போர்ட் லூயிஸில் மெட்ரோ ஏறி கூர்ப்பீப் வரை போனால் வழி நெடுக ஒரே சாயலில் வீடுகள் தெரியும். சிமென்ட் பிளாக் சுவர், தட்டையான கான்கிரீட் டால் (கூரைத் தளம்), டாலின் மூலைகளில் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் துருப்பிடித்த கம்பிகள், பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. வெளியூரிலிருந்து வருபவர்கள் இதை அழகுணர்ச்சி இல்லாத கட்டடக்கலை என்று சொல்லிவிட்டுப் போவதுண்டு. அது சரியான தீர்ப்பு இல்லை. இந்த வீட்டின் ஒவ்வொரு அங்கத்துக்கும் காரணம் உண்டு. அந்தக் காரணங்கள் 1960-ஆம் ஆண்டுக்குரியவை என்பதுதான் இன்றைய சிக்கல்.

அந்த ஆண்டு ஜனவரியில் அலிக்ஸ் புயல் வந்தது. வீடுகளைச் செப்பனிட்டு முடிப்பதற்குள், பிப்ரவரி கடைசியில் கரோல் வந்தது. கரோலில் பதிவான காற்றின் உச்ச வேகம் மணிக்கு 256 கிலோமீட்டர். அப்போது தீவில் பெரும்பாலானவை மரம், ஓலை, தகர வீடுகள். அவை ஆயிரக்கணக்கில் சரிந்தன. அதன் பிறகு அரசு கட்டிய சித்தே குடியிருப்புகள் கான்கிரீட்டுக்கு மாறின. கையில் நாலு காசு சேர்ந்தவர்களும் அதே வழியில் போனார்கள். 1975-இல் ஜெர்வேஸ் புயல் 280 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தபோது, மிச்சமிருந்த தயக்கமும் போய்விட்டது.

அந்த முடிவு எவ்வளவு சரியானது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். மணிக்கு 256 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 71 மீட்டர். அந்த வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 310 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் தரும். தட்டையான கூரையின் மேல் காற்று பாயும்போது இந்த அழுத்தம் கூரையை மேல்நோக்கி உறிஞ்சும். ஓரங்களிலும் மூலைகளிலும் உறிஞ்சல் இன்னும் அதிகம். தகரக் கூரையின் எடை சதுர மீட்டருக்கு 5 கிலோ அளவுதான். அது நிற்பதும் பறப்பதும் ஆணியின் கையில். ஆறு அங்குல கான்கிரீட் டாலின் எடை சதுர மீட்டருக்கு 360 கிலோ. சொந்த எடையாலேயே அது காற்றுக்குப் பதில் சொல்லிவிடும். சுவரின் தலையில் ஓடும் வளையப் பீமும் மூலைத் தூண்களும் சேர்ந்துவிட்டால் வீடு ஒரே பெட்டியாக நிற்கும்.

ஆக, காற்றுப் பரீட்சையில் தீவு தேறிவிட்டது. இப்போது உயிரை வாங்குவது தண்ணீர். 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயிஸில் இரண்டு மணி நேரத்துக்குள் 150 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிய மழையில் 11 பேர் இறந்தார்கள். துறைமுகத்தை ஒட்டிய கொடான் பக்கத்து நடைபாதைச் சுரங்கத்திலும் அடித்தள வாகன நிறுத்தத்திலும் சிக்கியவர்கள் அவர்களில் உண்டு. 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது தலைநகரத் தெருக்களில் கார்கள் மிதந்ததை எல்லாருமே கைபேசியில் பார்த்தோம். இரண்டிலும் வீடுகள் இடிந்து விழவில்லை. வீடுகளுக்கு நடுவே தண்ணீர் போக வழியில்லை என்பதுதான் வெளிப்பட்டது.

ஆள் கூடவில்லை, வீடு கூடியது

வேகமாக வளரும் நகரம் என்றால் மக்கள் வந்து குவிவதாகத்தான் நினைக்கத் தோன்றும். இங்கே கதை வேறு. 1,865 சதுர கிலோமீட்டர் தீவில் சுமார் 12 லட்சம் பேர். பல ஆண்டுகளாக இந்த எண் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கிறது. கூடிக்கொண்டே போவது கான்கிரீட் மூடிய நிலப்பரப்பு. ஒரே கூரையின் கீழ் இருந்த மூன்று தலைமுறைகள் இன்று மூன்று கூரைகளின் கீழ் இருக்கின்றன. பிரெஞ்சுச் சட்ட மரபில் வந்த வாரிசுரிமைப்படி பிள்ளைகள் எல்லாருக்கும் பங்கு உண்டு என்பதால் அப்பா விட்டுப்போன 20 பெர்ஷ் (சுமார் 840 சதுர மீட்டர்) நிலம் நாலு துண்டாகிறது.

கரும்பும் கைவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் நான்கே ஆண்டுகளில் சர்க்கரைக் கொள்முதல் விலையை 36 சதவீதம் குறைத்தது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின, தோட்ட நிலம் மனை ஆயிற்று. விருப்ப ஓய்வில் போன தோட்டத் தொழிலாளர்களுக்கு ஆளுக்கு 7 பெர்ஷ் நிலமும் கிடைத்தது. தீவில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்குப் பத்திரத்தோடு கைக்கு வந்த முதல் மண் அதுதான். அந்த நிலப் பங்கீட்டை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மோர்செல்மான் என்ற மனைப்பிரிவு எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு பெர்ஷ் 42.2 சதுர மீட்டர். ஆகவே 7 பெர்ஷ் என்பது சுமார் 295 சதுர மீட்டர்; துவாஸ் என்ற இன்னொரு நில அளவையில் விலை பேசுபவர்களுக்கு 78 துவாஸ். அதில் 130 சதுர மீட்டர் வீடு, கார் நிற்கவும் துணி காயவும் 110 சதுர மீட்டர் சிமென்ட் முற்றம், கறிவேப்பிலை மரத்துக்கும் நாலு செடிக்கும் 55 சதுர மீட்டர் மண் என்று வைத்துக்கொள்வோம். இது சாதாரணமான ஏற்பாடுதான். 2013-இல் பெய்ததுபோல் 150 மில்லிமீட்டர் மழை பெய்தால் இந்த மனையில் விழுவது 44 கன மீட்டர் தண்ணீர், அதாவது 44,000 லிட்டர். கரும்பு நின்ற காலத்தில் அதில் பத்தில் மூன்று பங்கு, சுமார் 13 கன மீட்டர், வெளியே ஓடியிருக்கும். மற்றது மண்ணில் இறங்கும், கரும்புச் சோகையில் தங்கும். இப்போது ஓடுவது 36 கன மீட்டருக்கும் மேல். ஒரு மனைக்கு 23 அல்லது 24 கன மீட்டர் கூடுதல். நூறு மனை கொண்ட ஒரு மோர்செல்மானில் சாலையைக் கணக்கில் சேர்க்காமலே 2,400 கன மீட்டர். அது போய்ச் சேருமிடம் கீழே இருக்கும் பழைய கிராமம்.

"உறிஞ்சுகுழி தோண்டியிருக்கிறோமே" என்பதுதான் வழக்கமாக வரும் பதில். இரண்டு மீட்டர் விட்டம், இரண்டு மீட்டர் ஆழம், உள்ளே கல் நிரப்பிய குழி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கல்லுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம் 40 சதவீதம் என்றால் அதில் நிற்கும் தண்ணீர் 2.5 கன மீட்டர். 130 சதுர மீட்டர் கூரையில் 19 மில்லிமீட்டர் மழை பெய்தாலே குழி நிரம்பிவிடும். பெருமழையில் அதற்குப் பத்து நிமிடம் போதும். கல் போடாமல் உறை இறக்கி மூடி போட்டால் அதே குழி 6 கன மீட்டருக்கு மேல் பிடிக்கும். 48 மில்லிமீட்டர் வரை தாங்கும். செலவு அதிகம்தான், ஆனால் அதுதான் உண்மையான குழி. களிமண் கண்ட இடத்தில் இரண்டுமே மெதுவாகத்தான் வற்றும் என்பதால் அடுத்தடுத்து இரண்டு நாள் மழை வந்தால் குழியை நம்ப முடியாது.

கிண்ணத்தின் அடியில் ஒரு தலைநகரம்

போர்ட் லூயிஸ் அமைந்த இடமே ஒரு கிண்ணம். பின்னால் மோக்கா மலைத்தொடர், 812 மீட்டர் உயர லே பூஸ், முன்னால் துறைமுகம். 1730-களில் ஆளுநர் மாஹே தெ லா பூர்தொனே இங்கே நகரம் எழுப்பியபோது புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். அவர்கள் குடியேறிய கிழக்குப் பகுதிக்கு மலபார் முகாம் என்றே பெயர் நிலைத்தது. கருங்கல்லில் கட்டிய அந்தக் கால நகரத்தில் மலைச்சரிவிலிருந்து இறங்கும் ஓடைகளுக்கு இடம் இருந்தது. சரிவில் காடு இருந்தது. இன்று லே பூஸ் ஓடை நகர நடுவில் நெருக்கப்பட்டு, பல இடங்களில் மேலே மூடப்பட்டு, கொடான் அருகே கடலைத் தொடுகிறது. மூடிய ஓடையின் கொள்ளளவு அதன் மிகக் குறுகிய இடத்தின் கொள்ளளவுதான். பாதியில் ஒரு பாலத்தின் அடியில் ஒரு மெத்தையும் நாலு பிளாஸ்டிக் பெட்டியும் சிக்கினால் மேலே உள்ள அத்தனை அகலமும் வீண். கடல் மட்டம் ஏறி நிற்கும் நேரத்தில் பெருமழை வந்தால் வாய்க்காலின் வாயே பாதி அடைபட்டிருக்கும்.

சரிவுகளில் வேறு ஆபத்து. வல்லே பிதோ, சித்ரகூட் போன்ற இடங்களில் மலையடிவாரத்து மண் மெல்ல நகர்வது ஆவணங்களில் பதிவாகியிருக்கிறது. லா பூத் பகுதியில் 1980-களிலேயே வீடுகள் விரிசல் விட்டன. இத்தகைய சரிவில் மேட்டை வெட்டி, வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் கொட்டி, பாதி வெட்டிலும் பாதி கொட்டிய மண்ணிலும் அஸ்திவாரம் போடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. கொட்டிய பாதி இறங்கும், வெட்டிய பாதி இறங்காது. சுவரில் படிக்கட்டுபோல் விரிசல் ஏறும். தாங்கு சுவர் கட்டினாலும் அதன் பின்னால் ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி நிரப்பி, அடியில் துளைக்குழாய் வைக்காவிட்டால் சுவர் மண்ணோடு தண்ணீரையும் சேர்த்துத் தாங்க வேண்டிவரும். தாங்கு சுவர்கள் விழும் நாள் பெரும்பாலும் மழை நாளாக இருப்பதற்கு வேறு மர்மம் கிடையாது.

மதில் சுவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெள்ள விசாரணைகளில் அது பேசப்படுவது குறைவு. மனை வாங்கியவுடன் நாம் செய்யும் முதல் வேலை நாலு பக்கமும் ஆறடிக்கு பிளாக் சுவர் எழுப்புவது. சரிவான நிலத்தில் அகலமாகப் பரவி ஓடும் மழைநீருக்கு அது அணை. ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் அரை டன் தள்ளுவிசை விழும். கம்பி இல்லாத ஆறங்குல ஹாலோ பிளாக் சுவர் அதைத் தாங்காது. விழும்போது தேங்கிய தண்ணீர் மொத்தமும் அலையாகக் கீழ் வீட்டுக்குள் பாயும். தீர்வு மலிவானது: தரை மட்டத்து வரிசையில் இரண்டு மூன்று மீட்டருக்கு ஒரு பிளாக்கைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் அதன் துளைகள் வழியே தண்ணீர் போகும்; எலி நுழையாமல் வலை அடித்துக்கொள்ளலாம். மேட்டு நிலத்திலிருந்து இயல்பாக வழியும் தண்ணீரைப் பள்ளத்து நிலம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது சிவில் சட்டத்திலேயே உள்ளது. அதே சட்டம் நம் கூரைத் தண்ணீரை அடுத்தவர் மனையில் விழவிடக் கூடாது என்றும் சொல்கிறது. பக்கத்து வீட்டுச் சண்டையில் இரண்டாவது விதி எல்லாருக்கும் நினைவிருக்கும், முதல் விதி யாருக்கும் நினைவிருக்காது.

சாலையும் உயர்கிறது. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே 5 சென்டிமீட்டர் ஏற்றினால் மூன்று நான்கு முறையில் பழைய வீட்டு வாசல் சாலைக்குக் கீழே போய்விடும். புதிதாகக் கட்டுபவர் தரைமட்டத்தை மனையிலிருந்து அளக்காமல் சாலையின் நடு முதுகிலிருந்து அளந்து, அதற்கு மேல் 45 முதல் 60 சென்டிமீட்டர் உயர்த்துவது நல்லது.

டால் போடும் நாள்

மொரீஷியஸ் கட்டட வேலையில் திருவிழா என்று ஒன்று இருந்தால் அது கூல் டால் நாள், அதாவது கூரைக்குக் கான்கிரீட் ஊற்றும் நாள்தான். விடியலிலேயே சொந்தக்காரர்களும் அக்கம்பக்கமும் வந்துவிடுவார்கள். கீழே அண்டாவில் கறி கொதிக்கும். வேலை முடிந்தால் சாப்பாடு. முன்பு கைக்குக் கை வாளி மாற்றியவர்கள் இப்போது ரெடிமிக்ஸ் லாரிக்கும் பம்புக்கும் வந்துவிட்டார்கள். நூறு சதுர மீட்டர் டால், 15 சென்டிமீட்டர் கனம் என்றால் 15 கன மீட்டர் கான்கிரீட். இரண்டு மூன்று லாரி. அந்த அரை நாளில் நடக்கும் தவறுகளோடுதான் அடுத்த முப்பது ஆண்டு குடும்பம் நடத்த வேண்டும்.

முதல் தவறு தண்ணீர்க் குழாய். லாரி வந்து சேர நேரமாகி, வெயிலில் கலவை இறுகத் தொடங்கியதும் யாராவது ஒருவர் குழாயைப் பிடித்துவிடுவார். ஒரு கன மீட்டருக்குப் பத்து லிட்டர் கூடினாலே கான்கிரீட்டின் பலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு போய்விடும். கூடவே நுண்துளைகள் பெருகி, கூரை பின்னாளில் கசியும். கலவை இளக வேண்டுமென்றால் ஆர்டர் கொடுக்கும்போதே சேர்மானம் போட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது, மேல்கம்பி. பால்கனியிலும் சன்ஷேடிலும் இழுவிசை மேல்பக்கம் வரும். கம்பி மேலே இருந்தால்தான் வேலை செய்யும். இருபது பேர் நடமாடும் நாளில் அந்தக் கம்பியை மிதித்து அடியில் தள்ளிவிடுகிறார்கள். கான்கிரீட் மூடிய பிறகு யாருக்கும் தெரியாது. முட்டுக் கழற்றிய சில மாதங்களில் பால்கனி சுவரோடு சேரும் கோட்டில் மேலே ஒரு விரிசல் ஓடும். அப்போது பூச்சு பூசி மறைப்பவர் ஆபத்தைத்தான் மறைக்கிறார். மேல்கம்பிக்குக் கீழே 'நாற்காலி' எனப்படும் வளைத்த கம்பித் தாங்கிகளை வைத்துக் கட்டி, மேலே பலகை போட்டு அதன்மேல் நடக்கச் சொல்ல வேண்டும். கீழ்க்கம்பிக்கு 25 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட் கனம்), கடல் காற்று படும் ஊரில் குறைந்தது 40. லகூன் பவள மணல் எடுப்பது 2001-இல் தடை செய்யப்பட்டு, கருங்கல்லை அரைத்த ராக்சேண்ட் வந்த பிறகு உப்புப் பிரச்சினை குறைந்தது. அதற்கு முன் சரியாகக் கழுவாத மணலில் கட்டிய வீடுகளில் அந்த உப்பு இன்னும் உள்ளேயே இருக்கிறது. அடிப்பக்கம் கான்கிரீட் பொருக்குப் பொருக்காக உதிரும் வீடுகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான்.

மூன்றாவதுதான் நம் விஷயத்துக்கு நேராக வருகிறது: மழைநீர்க் குழாய்களின் இடம். டால் போடும் முன்பே துளைக்கான குழாய்த் துண்டுகளைப் பதிக்க மறந்து, பிறகு சுத்தியலால் உடைத்துத் துளை போட்டால் கம்பியும் அறுபடும், அந்த ஓட்டையைச் சுற்றி என்றைக்கும் ஈரம் இருக்கும். எத்தனை துளை வேண்டும்? 130 சதுர மீட்டர் கூரையில் மணிக்கு 150 மில்லிமீட்டர் வேகத்தில் மழை பெய்தால் நொடிக்கு 5.4 லிட்டர் வரும். நாலங்குல வாய் ஒன்று, அதன் தலைக்கு மேல் 35 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கும்போது, 2.8 லிட்டர் வாங்கும். கணக்குக்கு இரண்டு போதும். ஒன்று அடைத்தாலும் தப்பிக்க மூன்று வேண்டும். பல வீடுகளில் இருப்பது ஒன்று, அதன் வாயில் மாவிலை.

அடைத்தால் என்ன ஆகும்? கைப்பிடிச் சுவர் இருக்கும் டால் ஒரு தொட்டி. 15 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் சதுர மீட்டருக்கு 150 கிலோ. ஆள் ஏறும் கூரைக்குப் பொறியாளர் வழக்கமாகக் கணக்கில் எடுக்கும் சுமையே அவ்வளவுதான். 30 சென்டிமீட்டர் நின்றால் இரு மடங்கு. 130 சதுர மீட்டருக்கு 39 டன். ஆகவே குழாய் வாய்களைத் தவிர, தளத்திலிருந்து 7 அல்லது 8 சென்டிமீட்டர் உயரத்தில் கைப்பிடிச் சுவரில் இரண்டு அகலமான திறப்புகளை விட்டுவிட வேண்டும். அதன் வழியே தண்ணீர் வெளியே கொட்டினால் கீழே குழாய் அடைத்திருக்கிறது என்பது உடனே தெரியும். அதற்காகவே அந்தத் திறப்பைக் கண்ணில் படும் பக்கம் வைப்பது புத்திசாலித்தனம்.

தண்ணீர் வழிவதற்கான வாட்டம் (சரிவு) 80-க்கு 1 குறைந்தபட்சம். 60-க்கு 1 நல்லது. எட்டு மீட்டர் ஓட்டத்துக்குப் பத்து முதல் பதின்மூன்று சென்டிமீட்டர். இதை மேல் சாந்திலேயே கொடுப்பதால் சாந்தின் எடையையும் டால் கணக்கில் சேர்க்க வேண்டும். கசிவைத் தடுக்கும் தார்ப்பாய் ஒட்டும்போது இணைப்புகள் பத்து சென்டிமீட்டர் மேல்படிந்து, கைப்பிடிச் சுவரில் 15 சென்டிமீட்டர் ஏறி, அங்கே வெட்டிய காடிக்குள் மடங்கி நிற்க வேண்டும். ஒட்டி முடித்ததும் வாய்களை அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திப் பார்த்த பிறகே ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணை. பொருளைவிட அந்த மடிப்பு வேலையில்தான் கசிவு பிறக்கிறது.

டால் போட்டு ஏழு நாள் ஈரம் காக்க வேண்டும், முட்டுகளை மூன்று வாரமாவது விட்டுவைக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லாரும் அறிந்ததே. அறிந்தும் ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் விட ஆள் இருப்பதில்லை.

நீட்டிய கம்பிகள்

அண்ணன் கீழே, தம்பி மேலே என்பது நம் குடும்பங்களின் நகரத் திட்டம். அதற்காகத்தான் தூண் கம்பிகளை வெட்டாமல் விடுகிறார்கள். நகருக்கு இது நல்லதே: புது நிலத்தை மூடாமல், இருக்கிற கூரைக்கு மேலேயே இன்னொரு குடும்பம் அமர்கிறது. வெளியே ஓடும் மழைநீர் ஒரு சொட்டும் அதிகரிக்காது. நிலத்தைத் தின்னாத வளர்ச்சியில் இதைவிட மலிவானது கிடையாது. ஆனால் கீழ்வீடு அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

கான்கிரீட் வீட்டில் ஒரு தளத்தின் சுமை, சுவரோடு சேர்த்து, தோராயமாகச் சதுர மீட்டருக்கு ஒரு டன். நடுத் தூண் ஒன்று 12 சதுர மீட்டரைச் சுமந்தால் தளத்துக்கு 12 டன். மண் சதுர மீட்டருக்கு 15 டன் தாங்கும் இடத்தில் ஒரு மீட்டர் சதுர அடித்தளம் ஒரு தளத்துக்குப் போதும். இரண்டாவது தளம் வந்தால் 24 டன், போதாது. "கல் பூமிதானே" என்ற தைரியம் இங்கே அதிகம். தீவின் எரிமலை மண்ணில் ஒரு தூண் கருங்கல் பாறைமேலும் அடுத்த தூண் உக்கிய களிமண்மேலும் நிற்பது சகஜம். சில இடங்களில் பழைய எரிமலைக் குழம்பு ஓடிய சுரங்கங்களும் உண்டு. ஆகவே மாடி எழுப்பும் முன் இரண்டு மூன்று தூண்களின் அடியைத் தோண்டி அளந்து பார்ப்பதற்கு மாற்று இல்லை.

நீட்டிய 12 மில்லிமீட்டர் கம்பி புதுத் தூணோடு சேர அரை மீட்டர் மேல்படிவு வேண்டும். பதினைந்து வருடம் மழையில் நின்ற கம்பி செதில் செதிலாக உரிந்தால் அதன் கனம் குறைந்துவிட்டது என்று பொருள். துருவும் உள்ளே இறங்கித் தூணின் தலையைப் பிளக்கும். முதல் நாளே கம்பியைச் சிமென்ட் பாலில் தோய்த்து, சுற்றிலும் பலவீனமான சாந்தில் ஒரு சிறு தூண் எழுப்பி மூடிவிட்டால் வேண்டும்போது தட்டி உடைத்துக்கொள்ளலாம். மாடி எழுப்பும்போது பழைய வாட்டச் சாந்தையும் தார்ப்பாயையும் முழுக்கப் பெயர்த்தெடுக்க வேண்டும். அதன் மேலேயே ஓடு பதிப்பவர்கள் பத்து சென்டிமீட்டர் தேவையில்லாத சுமையைக் கீழ்வீட்டின் தலையில் ஏற்றுகிறார்கள்.

வெப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பகல் முழுக்கச் சூடேறிய டால் அதை இரவில் படுக்கையறைக்குள் விடும். வெள்ளைப் பூச்சு ஒன்றே கணிசமாகக் குறைக்கும். திசையில் நம்மவர்கள் ஏமாறுவதும் உண்டு. தமிழ்நாட்டில் அச்சான மனையடி நூலைக் கையில் வைத்துக்கொண்டு தெற்கு வெயிலுக்குப் பயந்து சன்னலைக் குறைக்கிறார்கள். இந்தத் தீவு நிலநடுக்கோட்டுக்கு 20 பாகை தெற்கே இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி சூரியன் வடக்கே நிற்கும். குளிர்ந்த காற்று தென்கிழக்கிலிருந்து வரும். தெற்கையும் கிழக்கையும் அடைத்தால் அடைபடுவது காற்றுதான். அக்கினி மூலையில் அடுப்பு இருக்கட்டும், சன்னலும் இருக்கட்டும்.

பெரிய திட்டங்கள், சின்ன வாய்க்கால்கள்

எபேன் என்ற அலுவலக நகரின் கண்ணாடிக் கட்டடங்களும் 2015-இல் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டமும்தான் வெளியுலகுக்குக் காட்டப்படும் மொரீஷியஸ். ஸ்மார்ட் சிட்டிக்குக் குறைந்தது 50 ஆர்பான், அதாவது சுமார் 21 ஹெக்டேர் வேண்டும். அவ்வளவு நிலம் ஒரே கையில் இருந்தால் தேக்கக் குளத்துக்கும் வடிகாலுக்கும் இடம் ஒதுக்குவது எளிது. பல இடங்களில் நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் கரும்புக்காட்டின் நடுவே புது ஊர் என்பதால் வீட்டிலிருந்து வேலைக்கு எல்லாமே காரில்தான். 2020-இல் ரோஸ்ஹில் வரையும் 2022-இல் கூர்ப்பீப் வரையும் வந்த மெட்ரோ பழைய ரயில்பாதைத் தடத்தை ஒட்டி, ஏற்கெனவே மக்கள் இருக்கும் ஊர்கள் வழியே போகிறது. நிலையங்களைச் சுற்றி நாலு மாடி, ஐந்து மாடி வீடுகள் எழுந்தால் அதுவே சரியான வளர்ச்சி. தடையாக இருப்பது கட்டடக்கலை அல்ல. மண் இல்லாத வீட்டைச் சொத்தாக நம் குடும்பங்கள் இன்னும் ஒப்புக்கொள்வதில்லை. கூட்டு உரிமையில் லிஃப்டுக்கும் கூரைக்கும் மாதாமாதம் பணம் வசூலிப்பது இன்னும் பழகவில்லை.

ஆக, அடுத்த இருபது ஆண்டும் மோர்செல்மான்கள் தொடரும் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். 2013-க்குப் பிறகு நடந்த விவாதங்களின் விளைவாக 2017-இல் நில வடிகால் ஆணையம் சட்டப்படி வந்தது. ஆற்றங்கரைக் காப்புப் பகுதி அதற்கு வெகு முன்பே, 1983 சட்டத்தில், உள்ளது: ஆற்றுக்கு 16 மீட்டர், சிற்றாறுக்கு 8 மீட்டர், ஓடைக்கு 3 மீட்டர். மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும் இயற்கை வடிகால்கள்தான் ஏமாந்து போகின்றன. வறண்ட மாதத்தில் மனை பார்க்கப் போனால் அது வெறும் பள்ளம்போல் தெரியும். விற்பவர் நிரவிவிட்டிருந்தால் அதுவும் தெரியாது. ஆகவே மனையை ஜனவரி, பிப்ரவரியில் மழைக்கு மறுநாள் போய்ப் பார்க்க வேண்டும். அக்கம்பக்கத்துச் சுவர்களில் சேற்றுக் கோடு எந்த உயரத்தில் நிற்கிறது, வேலியில் கரும்புச் சருகு எங்கே சிக்கியிருக்கிறது என்று கவனித்தால் போதும். நில அளவையாளரிடம் எல்லைக்கல்லோடு உயர அளவுகளையும் எடுத்துத் தரச் சொல்லலாம். நாலு மூலை உயரமும் சாலை உயரமும் தெரிந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பது காகிதத்திலேயே தெரிந்துவிடும்.

முன்பு பார்த்த நூறு மனைக் கணக்கில் கூடுதலாக ஓடிய 2,400 கன மீட்டரை எங்கே வைப்பது? நூறு மீட்டருக்கு அறுபது மீட்டர் கால்பந்து மைதானம் ஒன்றைச் சுற்றுத் தரையைவிட அரை மீட்டர் தாழ்த்தி அமைத்தால் 3,000 கன மீட்டர் பிடிக்கும். ஆண்டில் சில நாள் குளம், மற்ற நாள் பந்து. கோயில் வளாகங்களிலும் இதைச் செய்யலாம். தைப்பூசக் காவடி வருவதே புயல் பருவத்தின் நடுவில். வளாகம் முழுக்கச் சிமென்ட் போட்டுவிட்டுப் பக்தர்கள் முழங்கால் தண்ணீரில் நிற்பதைவிட, ஓரத்தில் ஒரு தாழ்ந்த புல்தரை விட்டுவைப்பது மேல்.

இத்தகைய தேக்கத்தில் வெளிவாய்தான் முக்கியம். அதை வேண்டுமென்றே சிறிதாக வைக்க வேண்டும்: கரும்புக்காடாக இருந்தபோது எவ்வளவு ஓடியதோ அவ்வளவே வெளியேறும்படி. பெரிதாக வைத்தால் தேக்கம் தேங்காது. சிறிய வாய் ஒரு பிளாஸ்டிக் பையால் அடைபடும். அதனால் முன்னால் சாய்வான கம்பி வலை, மேலே கரையை அரிக்காத கல் பாவிய வழிந்தோடி, உள்ளே இறங்கி வண்டலை அள்ளச் சாய்தளம் ஆகிய மூன்றும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். மனைகளை விற்று முடித்ததும் மோர்செல்மான் போட்டவர் போய்விடுவார். வலையைச் சுத்தம் செய்வது உள்ளாட்சி மன்றமா, குடியிருப்போர் சங்கமா என்பது பத்திரத்தில் எழுதப்படாவிட்டால் இரண்டாவது மழைக்காலத்திலேயே தேக்கம் புதராகிவிடும். புயல் பருவம் நவம்பரில் தொடங்கி மே நடு வரை போகிறது. அக்டோபரில் ஒரு முறை, ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் ஒரு முறை வண்டலை அள்ளி வலையைத் துப்புரவாக்க ஆளும் பணமும் யாருடையது என்பதை அனுமதி கொடுக்கும் நாளிலேயே மன்றம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.